காயமில்லாத உயிர்த்தெழல்கள்

கல்மேசையை நோக்கி இரவில் தனியே நடந்துகொண்டிருக்கும் அஸ்லான் என்ற சிங்கம், பின்னாலேயே ஒளிந்து வரும் சூசன், லூசி என்ற இரண்டு சிறுமிகளைக் கண்டுகொள்கிறது. அவர்களை விரட்டவில்லை. தன் பிடரிமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே வரும்படி கேட்கிறது. நார்னியா என்ற நாட்டையே படைத்தது அந்தச் சிங்கம். தீராத பனிக்காலத்தைத் தன் வருகையாலேயே உருக்கியது. அதற்கு அந்த நேரத்தில் வேண்டியிருப்பது இரண்டு குழந்தைகளின் கை. சி.எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’ நாவலில் நான் மிக உயர்வாக மதிக்கும் பக்கம் இது.

நற்செய்தி நூல்களைப் படித்தவருக்கு இது எந்த இடம் என்று உடனே தெரிந்துவிடும். கைதாவதற்கு முன்பு கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் சீடர் மூவரை விழித்திருக்கச் சொன்னார், அவர்கள் தூங்கிப்போனார்கள். லூயிஸ் அந்தச் சம்பவத்தை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. தூங்கிய ஆண்களின் இடத்தில் தூங்காத இரண்டு சிறுமிகளை நிறுத்துகிறார். சிலுவையருகே நின்ற, விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்களின் பங்கையும் இவர்களுக்கே கொடுக்கிறார். விவிலியத்தைத் தொட்டே பார்க்காத குழந்தைக்கும் இந்தப் பக்கத்தில் ஒன்றும் குறையாது. தான் முழுமையாக நம்பும் ஒரு பெரியவர் சோர்ந்துபோய்த் துணை தேடுவதை அது பார்க்கிறது, அவ்வளவுதான். விவிலியம் அறிந்தவருக்கோ, சீடர்கள் செய்யத் தவறியதை இந்தப் பிள்ளைகள் செய்துவிட்டார்கள் என்ற ஆறுதலும் சேர்ந்து கிடைக்கிறது. மேற்கத்திய மிகுபுனைவில் கிறிஸ்தவக் குறியீடு என்ன சாதிக்கும் என்று யாராவது கேட்டால் இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன்.

சறுக்கல் அடுத்த அத்தியாயத்திலேயே வருகிறது. சூனியக்காரி சிங்கத்தைக் கட்டி, பிடரியை மழித்து, ஏளனம் செய்து, கல்கத்தியால் கொன்றுவிடுகிறாள். சிறுமிகள் அழுதபடி வாய்க்கட்டை அவிழ்க்கிறார்கள். சுண்டெலிகள் வந்து கயிறுகளைக் கொறித்து அறுக்கின்றன. சூரியன் எழும்போது கல்மேசை பெரும் ஓசையோடு இரண்டாகப் பிளக்கிறது. இயேசு இறந்தபோது எருசலேம் ஆலயத்தின் திரைச்சீலை கிழிந்தது இங்கே மேசைக்கு வந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் அஸ்லான் உயிரோடு நிற்கிறது. இதுவரை எல்லாம் சரி. ஆனால் உடனே அஸ்லான் விளக்கம் சொல்லத் தொடங்குகிறது. துரோகிகள் எல்லோரும் தனக்கே சொந்தம் என்ற ஆதிச் சட்டம் சூனியக்காரிக்குத் தெரியும். அதற்கும் முந்தைய சட்டம் ஒன்று உண்டு, அது அவளுக்குத் தெரியாது. துரோகம் செய்யாத ஒருவர் தாமாக முன்வந்து துரோகிக்குப் பதிலாகச் செத்தால் மேசை உடையும், சாவு பின்னோக்கி நடக்கத் தொடங்கும் என்பது அந்தச் சட்டம். இரவெல்லாம் நாம் பட்ட துக்கம் ஒரு சட்ட நுணுக்கமாகச் சுருங்கிவிடுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படிக்காமல் விட்ட ஒரு பிரிவு, அதனால் வழக்கு வெற்றி.

கிறிஸ்தவ இறையியலில் இதற்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. மனிதர் பாவம் செய்ததால் அவர்கள்மேல் சாத்தானுக்கு உரிமை வந்துவிட்டது. குற்றமற்ற கிறிஸ்துவை அவன் பிணைப்பொருளாக ஏற்றுக்கொண்டு ஏமாந்து தோற்றான் என்று திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் பலர் விளக்கினார்கள். சாத்தானுக்கு உரிமை என்று எதுவும் கிடையாது என்று 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் அதை மறுத்தார். ஆயினும் கதை எழுதுகிறவருக்கு அன்செல்மின் விளக்கத்தைவிடப் பழைய விளக்கமே வசதியானது: அதில் வில்லன் இருக்கிறான், பேரம் இருக்கிறது, கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது. லூயிஸ் அதையே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அந்தத் திருப்பத்துக்காக அவர் இழந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முடிவு எப்படி இருக்கும் என்பது அஸ்லானுக்கு முன்பே தெரிந்திருந்தால், முந்தின இரவு அது பட்ட வேதனையின் எடை குறைந்துபோகிறது.

அதே நாவலில் இன்னொரு சிறிய இடம் இருக்கிறது. போர் முடிந்த பிறகு, தனக்காக அஸ்லான் என்ன செய்தது என்பது துரோகம் செய்த சகோதரன் எட்மண்டுக்குத் தெரியுமா என்று லூசி சூசனிடம் கேட்கிறாள். தெரியக்கூடாது, அது அவனால் தாங்கக்கூடியதல்ல என்பது சூசனின் எண்ணம். உடன்பிறந்தோரை மிட்டாய்க்காகக் காட்டிக்கொடுத்த சிறுவனுக்கு, தன் உயிரின் விலை சொல்லப்பட்டதா இல்லையா என்பதைக் கதை கடைசிவரை திட்டமாகச் சொல்லவில்லை. சட்ட விளக்கத்தால் தொட முடியாத ஆழத்தை இந்த நாலைந்து வரி உரையாடல் தொடுகிறது. மீட்கப்பட்டவன் அதைத் தெரிந்துகொண்டு எப்படி வாழ்வது என்பது கிறிஸ்தவத்தின் மையக் கேள்விகளில் ஒன்று. அதை இரண்டு சிறுமிகளின் கிசுகிசுப்புக்குள் கொண்டுவர முடிந்த எழுத்தாளரா அதே நாவலில் பிரிவையும் உட்பிரிவையும் விளக்கிக்கொண்டிருக்கிறார் என்று ஆதங்கமாக இருக்கிறது.

இந்த எழுத்துமுறை எங்கிருந்து வந்தது என்பதற்குத் திட்டமான ஒரு தேதியே இருக்கிறது. 1931 செப்டம்பர் 19 இரவு. ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரியை ஒட்டிய அடிசன் நடைபாதையில் லூயிஸ், ஜே.ஆர்.ஆர். டோல்கின், ஹியூகோ டைசன் மூவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். பேச்சு அறைக்குள் போய் விடிகாலைவரை நீண்டது. கடவுள் உண்டு என்ற அளவுக்கு லூயிஸ் அப்போதே வந்திருந்தார். கிறிஸ்துவின் சாவு எப்படி மற்றவர்களை மீட்கும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. டோல்கின் அவரைத் தொன்மங்களின் வழியாக அழைத்துப்போனார். வட ஐரோப்பியத் தொன்மத்தில் பால்டர் என்ற தேவன் செத்தால் நீ உருகிப்போகிறாய், அங்கே விளக்கம் கேட்பதில்லை. நற்செய்தியில் மட்டும் ஏன் கேட்கிறாய், அதுவும் ஒரு தொன்மம்தான், ஆனால் வரலாற்றில் நிகழ்ந்துவிட்ட தொன்மம் என்பது அவர் வாதத்தின் சாரம். சில நாள் கழித்து அண்ணனின் மோட்டார் சைக்கிள் பக்கவண்டியில் விப்ஸ்னேடு விலங்குக்காட்சிச்சாலைக்குப் போகும் வழியில் லூயிஸ் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்.

அந்த இரவுப் பேச்சின் பலம், கதைக்கு விளக்கம் தேவையில்லை என்பதில் இருக்கிறது. அதைக் கேட்டு மனம் மாறியவரே பத்தொன்பது ஆண்டுகள் கழித்துச் சிங்கத்தின் வாயில் விளக்கத்தை வைத்தார்.

உருவகக் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே பார்த்துவிடலாம். ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ 1678-இல் வந்தது. அதன் பயணியின் பெயரே கிறிஸ்தியான். அவன் விழும் சேற்றின் பெயர் அவநம்பிக்கை. தமிழில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதையே தழுவி 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கினார். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்த அவருடைய செய்யுளில் அந்த உருவகம் புது உடம்பு பெற்றது. இவ்வகை நூல் தன் கையை ஒளிப்பதில்லை. எது எதற்கு நிகர் என்பதை ஒப்புக்கொண்டுதான் கதையே தொடங்குகிறது, வாசகரும் அந்த ஒப்பந்தத்தோடுதான் உள்ளே வருகிறார். லூயிஸுக்கு இந்த வகை நன்றாகத் தெரியும். 1933-இல் பனியனின் வழியில் ஓர் உருவகக் கதை எழுதினார்; 1936-இல் இடைக்கால உருவகக் கவிதைகளைப் பற்றி இன்றும் மதிக்கப்படும் ஆய்வு நூலை வெளியிட்டார். அதனால்தான் நார்னியா உருவகக் கதை அல்ல என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடிந்தது. நார்னியா போன்ற ஓர் உலகம் உண்மையிலேயே இருந்தால் கடவுளின் மகன் அங்கே எந்த உருவில் வருவார், என்ன நேரும் என்ற கற்பனையே தம்முடையது என்றார். கதையும் போதனையிலிருந்து பிறக்கவில்லை. பனி பெய்யும் காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்துபோகும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவனின் படம் பதினாறு வயதிலிருந்தே அவர் மனத்தில் இருந்தது. சிங்கம் பிறகுதான் வந்தது.

அவர் சொன்னதை நான் நம்புகிறேன். முதல் சில நார்னியா நூல்களில் படம் முன்னால் ஓடுகிறது, போதனை பின்னால் வருகிறது. 1956-இல் வந்து கார்னகி பதக்கம் பெற்ற ஏழாவது நூலான ‘தி லாஸ்ட் பேட்டில்’ அப்படியல்ல. அது உலக முடிவின் கதை. சிங்கத்தோல் போர்த்திய கழுதையைக் காட்டி ஒரு குரங்கு ஊரை ஏமாற்றுகிறது. போலிக் கிறிஸ்து பற்றிய எச்சரிக்கை அது. நட்சத்திரங்கள் உதிர்கின்றன, நியாயத்தீர்ப்பு நடக்கிறது, நல்லவர்கள் நிஜ நார்னியாவுக்குள் நுழைகிறார்கள். பழைய நூல்களின் பிள்ளைகள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள், சூசனைத் தவிர. அவள் இப்போது நார்னியாவின் தோழி இல்லை, உதட்டுச்சாயமும் நைலான் காலுறையும் விருந்து அழைப்பும்தான் அவளுக்குப் பெரிது என்று மற்றவர்கள் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

ஃபிலிப் புல்மன் 1998-இல் எழுதிய கட்டுரையில் இந்த இடத்தைக் கடுமையாகத் தாக்கினார். நீல் கெய்மன் 2004-இல் இதை வைத்தே ஒரு சிறுகதை எழுதினார். வளர்வதையும் பெண்மையையும் லூயிஸ் தண்டிக்கிறார் என்ற புல்மனின் குற்றச்சாட்டு கொஞ்சம் மிகை. ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், சூசன் உயிரோடு இருக்கிறாள், திருந்த அவளுக்குக் காலம் இருக்கிறது, ஒருநாள் அவள் வழியில் வந்து சேரக்கூடும் என்ற பொருளில் லூயிஸ் எழுதியிருக்கிறார். ஆனால் கடிதத்தில் இருக்கும் இரக்கம் நாவலில் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் நார்னியாவுக்கு வந்து சேர்ந்தது ஒரு ரயில் விபத்தில் இறந்ததால். பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஒரே நாளில் போய்விட, இங்கிலாந்தில் தனியாக நிற்கப்போகும் பெண் அவள். கல்மேசையருகே இரவு முழுக்க விழித்திருந்தவள். அவளைப் பற்றி அஸ்லான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நூறு ஆட்டில் ஒன்று தொலைந்தால் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத் தேடிப்போன மேய்ப்பனின் கதையும் லூயிஸ் நம்பிய அதே நற்செய்தியில்தான் இருக்கிறது. தீர்ப்பு நாளை எடுத்துக்கொண்டவர் மேய்ப்பனை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நூலிலேயே நம் நாட்டு வாசகர் நின்று யோசிக்க வேண்டிய வேறோர் இடம் இருக்கிறது. நார்னியாவின் எதிரி நாடான காலோர்மென் தலைப்பாகைக்காரர்களின் நாடு; தோல் கறுத்தவர்கள், வளைந்த வாள் ஏந்தியவர்கள். அவர்களின் தெய்வம் டாஷ். பறவைத் தலை, வளைந்த அலகு, நான்கு கைகள். கோயில் கருவறையில் நான்கு கைத் தெய்வங்களைக் கும்பிட்டு வளர்ந்த குழந்தை இந்தப் பக்கத்தைப் படித்தால் என்ன நினைக்கும்? பல கைகள் என்றாலே பேய் என்று ஒரு பண்பாடு தன் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதாக நினைக்கும். அந்த நினைப்பில் தவறில்லை. பைபிள் உருவகங்களை எடுத்தாளும்போது அவற்றோடு விக்கிரகம் பற்றிய பழைய வெறுப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. லூயிஸ் அதை உதறப் பார்க்கவில்லை.

ஆனால் அங்கேயே எமெத் வருகிறான். காலோர்மென் நாட்டு இளம் வீரன். வாழ்நாளெல்லாம் டாஷை உண்மையாகத் தேடியவன். அஸ்லானை நேரில் பார்த்ததும் தனக்குத் தண்டனை நிச்சயம் என்று நினைக்கிறான். அஸ்லானோ அவனை மகனே என்று அழைத்து, டாஷின் பெயரில் அவன் செய்த நல்லவை எல்லாம் தன்னிடமே வந்து சேர்ந்தன என்று ஏற்றுக்கொள்கிறது. கண்டிப்பான கிறிஸ்தவர்கள் பலருக்கு இந்தப் பக்கம் உவப்பில்லை, லூயிஸ் எல்லை தாண்டிவிட்டார் என்பார்கள். எனக்கு இது நிறைவும் தருகிறது, உறுத்தவும் செய்கிறது. எமெத் உள்ளே வந்துவிட்டான். அவன் தெய்வம் பேயாகவே வெளியே நிற்கிறது. அவனுடைய பக்தியை ஏற்றுக்கொண்டு, அந்தப் பக்திக்கு உருக்கொடுத்த எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார் லூயிஸ். மனத்தளவில் அவர் பெருந்தன்மையானவர்தான். அவர் கையிலிருந்த குறியீடுகள் அந்த அளவுக்கு இடம் கொடுக்கவில்லை.

டோல்கின் வேறு வழியில் போனார். தாய் மேபல் 1900-இல் கத்தோலிக்கரானார்; உறவினர்கள் உதவியை நிறுத்தினார்கள்; 1904-இல் நீரிழிவு நோயில் இறந்தார். அனாதையான இரண்டு பையன்களை வளர்த்தவர் பர்மிங்காம் ஆரட்டரியின் குருவான பிரான்சிஸ் மார்கன். இப்படி விலை கொடுத்து வந்த நம்பிக்கையை டோல்கின் தம் கதையில் வெளிப்படையாக வைக்க மறுத்தார். ஆர்தர் மன்னன் கதைகளில் கிறிஸ்தவ மதமே நேரடியாக வந்துவிடுவதை ஒரு குறையாகவே அவர் எண்ணினார். 1954–55-இல் வந்த ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் கோயில் இல்லை, குருமார் இல்லை, வழிபாடு என்று சொல்லத்தக்கது சாப்பாட்டுக்கு முன் மேற்குத் திசை பார்த்து ஃபாராமிரின் ஆட்கள் மௌனமாக நிற்பது மட்டும்தான். அப்படியும் 1953 டிசம்பரில் ராபர்ட் மரே என்ற இயேசு சபைத் துறவிக்கு எழுதிய கடிதத்தில், இது அடிப்படையில் ஒரு கத்தோலிக்கப் படைப்பு, முதலில் அறியாமலும் திருத்தும்போது அறிந்தும் அப்படி ஆனது என்று ஒப்புக்கொண்டார். மதத்தைக் கதைக்குள்ளும் அதன் அமைப்புக்குள்ளும் கரைத்துவிட்டதால்தான் சடங்குகளை வெளியே எடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

கரைத்தது எப்படி என்பதைத் தேதிகளில் பார்க்கலாம். நாவலின் மையமான தீய மோதிரத்தை அழிக்கப் புறப்படும் குழு ரிவெண்டல் என்ற இடத்தை விட்டுக் கிளம்புவது டிசம்பர் 25. மோதிரம் அழிவது மார்ச் 25. அது கன்னி மரியாவுக்கு வானதூதர் செய்தி சொன்ன திருநாள், இடைக்கால மரபில் இயேசு சிலுவையில் இறந்த நாளாகவும் எண்ணப்பட்டது. கதைக்குள் இருக்கும் ஒருவருக்கும் இந்தத் தேதிகளின் பொருள் தெரியாது. பின்னிணைப்பைப் புரட்டாத வாசகருக்கும் தெரியாது. தெரியாததால் கதை ஒரு துளியும் நொண்டவில்லை.

ஆனால் டோல்கினின் உண்மையான சாதனை, மோதிரத்தை எறிய வேண்டிய எரிமலையின் விளிம்பில் நடப்பது. இத்தனை தூரம் மோதிரத்தைச் சுமந்து, தவழ்ந்து, தோழன் சாமின் முதுகில் ஏறி வந்த நாயகன் ஃப்ரோடோ கடைசிக் கணத்தில் அதை எறிய மறுக்கிறான். அது தன்னுடையது என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். தோற்றுவிடுகிறான். மோதிரம் அழிவது அவனால் இல்லை. முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்து, அதற்காகப் பின்தொடர்ந்து வந்த கோல்லம் அவன் விரலைக் கடித்துப் பறித்து, களிப்பில் தடுமாறி நெருப்பில் விழுகிறான். கோல்லம் அந்த இடத்தில் உயிரோடு இருப்பதற்குக் காரணம், வருடங்களுக்கு முன் இருட்டுக் குகையில் ஃப்ரோடோவின் உறவினர் பில்போ அவனைக் கொல்லாமல் விட்டது. பிறகு ஃப்ரோடோ விட்டது. கடைசியாக, அவனை முழுமனத்தோடு வெறுத்த சாம்கூட மலைச்சரிவில் ஓங்கிய வாளை இறக்கியது. மூன்று எளிய மனிதர்கள் மூன்று வேளைகளில் காட்டிய இரக்கம் உலகைக் காப்பாற்றுகிறது, காப்பாற்ற வேண்டியவனே விழுந்துவிட்ட பிறகு.

இங்கே கிறிஸ்து என்று யாரையும் சுட்ட முடியாது. மனித முயற்சி தன் எல்லையில் தோற்கும், அதற்கு மேல் அருளே செயல்படும், அருள் வரும் வழியை மன்னிப்பு திறந்துவைக்கும் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் கதைநிகழ்வாக ஆகியிருக்கிறது. சோதனைக்கு உட்படுத்தாதேயும் என்று ஒவ்வொரு கிறிஸ்தவரும் நாள்தோறும் வேண்டும் ஜெபத்தை வாசகர்களுக்கு எழுதிய கடிதங்களில் டோல்கின் இந்தக் காட்சியோடு சேர்த்துப் பேசினார். விளக்கம் கடிதத்தில் இருக்கிறது, நாவலில் இல்லை. இருக்க வேண்டிய இடம் அதுதான். தம் நம்பிக்கையின் மிகச் சங்கடமான பகுதியை, நல்லவனும் கடைசியில் தோற்பான் என்பதை, நாயகன் மேலேயே ஏற்றிப்பார்க்கும் துணிவு அவருக்கு இருந்தது. லூயிஸ் தம் சிங்கத்தை அப்படி ஓர் ஆபத்தில் ஒருபோதும் நிறுத்தவில்லை.

ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசைக்கு (1997–2007) நேர்ந்தது வேடிக்கை இல்லாத முரண். மாயவித்தை சாத்தானின் வேலை என்று சொல்லி 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோவில் ஒரு திருச்சபை அந்த நூல்களைத் தீயில் போட்டது. கடைசி நூலில் இரண்டு கல்லறைகளில் விவிலிய வசனங்கள் பொறித்திருக்கின்றன. ஒன்று மத்தேயுவிலிருந்து, இன்னொன்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்திலிருந்து. வசனங்களின் மூலம் அங்கே சொல்லப்படவில்லை. சாவை வெல்வது பற்றிய வசனத்தைப் படித்துவிட்டு, இது எதிரி வோல்டமார்ட்டின் ஆட்களுடைய எண்ணம் அல்லவா என்று ஹாரி திடுக்கிடுகிறான். சாவைத் தாண்டி வாழ்வது வேறு என்று தோழி ஹெர்மயனி திருத்துகிறாள். சாவிலிருந்து தப்புவதா, சாவை ஏற்றுக் கடப்பதா என்ற ஏழு நூல்களின் கேள்வியும் அந்தச் சிறுவனின் தவறான வாசிப்பிலேயே திறந்துகொள்கிறது. அவன் சாவை ஏற்கக் காட்டுக்குள் நடந்துபோகும் அத்தியாயமும் அதே உயரத்தில் இருக்கிறது. அவன் எப்படி மீண்டான் என்பதை விளக்கும்போதுதான் கதை தளர்கிறது: அவன் ரத்தம் எதிரியின் உடலில் ஓடுகிறது, மந்திரக்கோலை யார் யாரிடமிருந்து பறித்ததால் அது யாருக்குச் சொந்தம் என்று கணக்கு நீள்கிறது. நார்னியாவின் பழைய சட்டப்பிரிவு இங்கே கோல் உரிமையாகத் திரும்பி வந்திருக்கிறது.

புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ முத்தொகுதி (1995–2000) லூயிஸுக்கு எதிர்ப்பக்கம். மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்திலிருந்து தலைப்பை எடுத்து, ஏவாளின் வீழ்ச்சியை மனித விடுதலையாக எழுதுகிறார். முதல் நூலின் வடதுருவமும் ஒவ்வொருவரோடும் விலங்குருவில் அலையும் உயிரும் மிகுபுனைவின் பெரும் செல்வங்கள். மூன்றாம் நூலில் திருச்சபையின் ஆட்கள் அநேகமாக எல்லோரும் ஒரே நிறக் கெட்டவர்களாகிவிடுகிறார்கள். சூசனை லூயிஸ் சில வரிகளில் முடித்தது போலவே புல்மனும் நம்பிக்கையாளர்களை முடித்துவிடுகிறார்.

வாசிப்பவர்கள் தரப்பிலும் ஒரு நோய் இருக்கிறது. செத்துத் திரும்பும் யாரைக் கண்டாலும் கிறிஸ்து என்று முத்திரை குத்தும் வழக்கம் அது. டோல்கினின் மந்திரவாதி காண்டால்ஃப் பாதாளத்தில் விழுந்து வெண்ணாடையில் திரும்பினாரா, கிறிஸ்து. அதே நாவலின் ஆரகோர்ன் கை வைத்து நோய் தீர்த்தானா, கிறிஸ்து. 2005-இல் நார்னியா திரைப்படம் வந்தபோது தயாரிப்பாளர்கள் திருச்சபைகள் வழியாகவே அதை விளம்பரம் செய்தார்கள். எரித்தவர்களும் விற்றவர்களும் கதையை ஒரே விதமாகத்தான் படித்தார்கள், ஒரு ரகசியச் செய்தியின் உறையாக. ஒப்புமையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. ஒப்புமை எந்த இடத்தில் விலகுகிறது என்று பார்ப்பது மறுபாதி.

அப்படிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. யோவான் நற்செய்தியில் உயிர்த்தெழுந்த இயேசுவின் உடலில் காயங்கள் அப்படியே இருக்கின்றன. ஆணி பாய்ந்த தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார் தோமா. சென்னைப் பரங்கிமலையில் உயிர்விட்டதாக மரபு சொல்லும் அதே தோமா. இயேசு காயத்தைக் காட்டித்தான் தம்மை இன்னார் என்று நிறுவுகிறார். மிகுபுனைவு இந்த உயிர்த்தெழுதலை எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறது, காயத்தை மட்டும் விட்டுவிட்டது. அஸ்லான் முன்னைவிடப் பெரிதாக, மழித்த பிடரி மறுபடி வளர்ந்து நிற்கிறது. காண்டால்ஃப் முன்பிருந்ததைவிட ஒளியும் வலிமையும் கூடித் திரும்புகிறார். ஹாரி காட்டிலிருந்து முழுதாக வருகிறான், பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் தழும்பு வலிக்கவில்லை என்றே கதை முடிகிறது. எல்லாம் வெற்றியின் படங்கள். வெற்றிக்குப் பின்னும் உடம்பு எதை நினைவு வைத்திருக்கிறது என்ற கேள்வியை இவை தவிர்க்கின்றன.

லூயிஸ் ஒரு முறை அதற்கு அருகே வந்தார். 1953-இல் வந்த ‘தி சில்வர் சேர்’ முடிவில் கிழவனாக இறந்துகிடக்கும் மன்னன் காஸ்பியனை எழுப்ப, ஒரு முள்ளைத் தன் பாதத்தில் குத்தும்படி அஸ்லான் யூஸ்டஸ் என்ற சிறுவனிடம் சொல்கிறது. குத்த மனமில்லாமல் அவன் குத்துகிறான். ஒரு பெரிய துளி ரத்தம் விழ, காஸ்பியன் எழுகிறான். இங்கே சட்டம் எதுவும் சொல்லப்படவில்லை. தான் நேசிப்பதைத் தன் கையாலேயே குத்த வேண்டிய சிறுவனின் சங்கடம் மட்டும் இருக்கிறது. சிலுவையில் தன் பங்கு என்ன என்று ஒரு கிறிஸ்தவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி அந்தச் சங்கடத்துக்குள் முழுதாக அடங்கிவிடுகிறது.

டோல்கினிடம் காயம் சாகாமல் மீண்டவனிடம் இருக்கிறது. ஊர் திரும்பிய ஃப்ரோடோவுக்கு ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 6-இல் தோளில் கத்தி பாய்ந்த இடம் வலிக்கிறது. மார்ச் 13-இல் சிலந்தி கொட்டிய நஞ்சு திரும்புகிறது. அவன் காப்பாற்றிய ஊரில் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள், அவனால் மட்டும் அங்கே வாழ முடியவில்லை. சாமுக்கு மணமாகிறது, குழந்தை பிறக்கிறது. ஃப்ரோடோ அவனிடம் வீட்டைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறுகிறான். கிறிஸ்துவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத இந்த அத்தியாயத்தை, தோமாவின் கேள்விக்கு மிகுபுனைவு தந்த மிக நேர்மையான பதிலாக நான் கருதுகிறேன். அஸ்லானின் பிடரி வளர்ந்துவிட்டதை அந்த நேர்மையோடு ஒப்பிடும்போது என்னால் ஏற்க முடிவதில்லை.